படலையும் பொட்டும்

இவ்விழா மலருக்குக் கட்டுரையொன்று வரைந்துதவுமாறு மலர்க் குழுவினர் பணித்தபோது, தமிழாசிரியனாகிய யான் இலக்கியப் பொருளொன்றையே எடுத்துக்கொள்வேன் என அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். ஆயினும், எமது பழைய மாணவர் சங்கத்தின் இணையத்தளத்தைக் கவனித்துவரும் பொறுப்புச் சில ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகின்றது. அப்பணியில் யான் செய்த தவறொன்றும் அதனாற் கற்ற பாடமும் இம்மலரிற் பதியப்படவேண்டியவை என என் மனச்சாட்சி கூறுகின்றது. எனக்குப் பின் அப்பொறுப்பை ஏற்கவிருக்கும் இளைஞருக்கேனும் அவை பயன்படுமன்றோ?

2016ஆம் ஆண்டுப் பொதுக்கூட்டத்திலே, “எழுத்துப் பிழை இல்லாமல் செய்தி போட ஓர் ஆள் வேணும், மாஸ்ரர்தான் அதற்குப் பொருத்தம்” என ஒருவர் முன்மொழிந்தார். இன்னொருவர் வழிமொழிந்தார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை. ஆசிரிய கலாசாலையில் யான் பெற்ற பயிற்சியிலே கரும்பலகையைப் பயன்படுத்தும் முறை பற்றிய பாடம் இருந்தது. இணையத்தளத்தைப் பயன்படுத்தும் முறை பற்றிய பாடம் இருக்கவில்லை. எனினும், கற்பிப்பவன் கற்கவும் வேண்டும் எனத் துணிந்து ஏற்றுக்கொண்டேன்.

அதுகாறும் எமது தளம் எல்லாரும் பார்க்கும் சில பக்கங்களை மட்டுமே உடையதாயிருந்தது. செய்தி மாற்றுதல், அங்கத்தவர் இடாப்பைப் பேணுதல், கணக்கெழுதுதல் ஆகியவற்றுக்கென நிருவாகப் பக்கங்கள் சிலவற்றைச் சேர்க்கவேண்டும் எனச் செயற்குழு தீர்மானித்தது. கல்லூரி மண்டபத்துக்கு எவரும் வரலாம். கந்தோர் அலுமாரியைத் திறப்பு வைத்திருப்போரே திறக்கலாம். நிருவாகப் பக்கம் என்பது அவ்வலுமாரி போன்றது. ஆகவே அதற்குக் கடவுச்சொல் வேண்டும்.

யான் முதலிற் செய்தது பூட்டுதலன்று, மறைத்தலே. புதிய பக்கங்களை அமைத்து, அவற்றுக்குச் செல்லும் இணைப்பை எங்கும் இடாது விட்டேன். முகவரி அறியாதார் எவ்வாறு வருவர் என்பது என் எண்ணம். தேடுபொறிகளும் வாராதிருத்தற்பொருட்டு, ‘ரோபோட்ஸ்’ எனப்படும் சிறு கோப்பிலே அப்பக்கங்களின் முகவரிகளை எழுதி, “இங்கு வரவேண்டா” எனக் குறித்தும் வைத்தேன். அக்கோப்பு எவரும் படிக்கத்தக்கது என்பதை யான் அறிந்திலேன். வீட்டு வாயிலிலே “நகைப்பெட்டி பின்னறையில் உண்டு, எவரும் அங்குச் செல்லற்க” என எழுதித் தூக்கியதற்கு என் செயல் ஒப்பாயிற்று.

அடுத்து, பக்கத்தைத் திறந்தவுடன் கடவுச்சொல் கேட்கும் சிறு நிரலொன்றை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எங்கிருந்தோ பெற்றுச் சேர்த்தேன். உயர்தர வகுப்பு மாணவனொருவன் அதைப் பார்த்துவிட்டு, பக்கத்தின் மூல வரிகளைத் திறந்து, யான் மறைத்துவைத்த சொல்லை எனக்கே வாசித்துக் காட்டினான். அந்நிரல் வருபவரின் உலாவியிலேயே இயங்குவது. ஆதலின், சரியான விடையும் வினாவுடன் சேர்ந்தே அவர் கைக்குப் போய்விடுகின்றது. வினாத்தாளின் மறுபக்கத்தில் விடைகளை அச்சிட்டுவிட்டு, “திருப்பிப் பாராதீர்” என மாணவரிடம் சொல்லும் பரீட்சகரை யாம் மதிப்போமா? வருபவர் யார் எனச் சோதிக்கும் வேலை, தளம் இருக்கும் சேவையகத்திலேதான் நடைபெறவேண்டும் என்பதை அன்று அம்மாணவனிடம் கற்றேன்.

அவ்வாறே சேவையகத்திற் சோதிக்கும் நுழைவுப் பக்கமொன்றை அமைத்தேன். பெருமிதமும் கொண்டேன். இதன் பின்னரே அத்தவறு நேர்ந்தது.

வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவர் அனுப்பும் பணத்திலிருந்து, வசதி குறைந்த மாணவர் சிலருக்கு மாதந்தோறும் உதவிப் பணம் வழங்கி வருகின்றோம். அவர்கள் இன்னார் என்பதை அதிபரும், பொருளாளரும், செயற்குழுவினரும் மட்டுமே அறிவர். 2018ஆம் ஆண்டுக்கான பட்டியலை நிருவாகப் பக்கத்திலே சேர்த்தேன். பக்கம் கடவுச்சொல் கேட்டது; ஆனால், பட்டியல் அடங்கிய கோப்போ தளத்தின் திறந்த கோப்புறையிலே கிடந்தது. செயற்குழுவினர் ஒருவர் உள்நுழைந்து, அக்கோப்பின் முகவரியை மட்டும் நகல் செய்து, நல்லெண்ணத்துடனே இன்னொருவரின் கைத்தொலைபேசிக்கு அனுப்பினார். அது கைமாறிக் கைமாறிப் பெற்றோரிடமும், அவர் வழியாக மாணவரிடமும் சென்றது. எங்குத் திறந்தபோதும் அது கடவுச்சொல் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்பு மாணவனொருவன் மூன்று நாள்களாக வரவில்லை. இடாப்பு அழைக்கும்போது அவன் பெயருக்குப் பின் எழுந்த மெல்லிய சிரிப்பின் பொருளை யான் பின்னரே உணர்ந்தேன். மாலையில் அவன் வீட்டுக்குச் சென்றேன். அவன் கிணற்றடியில் நின்றான். என்னைக் கண்டதும் பின்வளவுக்குப் போய்விட்டான். அவன் தாயார் கதிரை எடுத்துப் போட்டு, தேநீரும் தந்தபின் சொன்னார்: “காசு தாறது பெரிய உதவி, மாஸ்ரர். அதை ஊருக்குச் சொல்லித் தராதேங்கோ.”

அவ்வம்மையாருக்கு மறுமொழி சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. அப்பட்டியலைச் சேர்த்த கை என்னுடையது.

அன்றிரவே கொழும்பிற் கணினித் துறையிற் பணிபுரியும் என் பழைய மாணவனொருவனை அழைத்தேன். அவன் சிறிது நேரம் ஆராய்ந்துவிட்டு, “சேர், படலையைத்தான் பூட்டியிருக்கிறியள், பொட்டு அப்படியே திறந்து கிடக்குது” என்றான். கிடுகு வேலிக்குள் வளர்ந்தோர்க்கு அதனை விளக்கவேண்டியதில்லை. மதில்களுக்குள் வளரும் இளையோர்பொருட்டுச் சொல்வேன்: வேலியில் அயலவர் போய்வருதற்கு விடப்படும் சிறு வழியே பொட்டு. படலைக்கு எத்துணைப் பெரிய பூட்டுப் போட்டாலும், பொட்டு வழியே ஆடும் வரும், ஆளும் வரும்.

கோப்பை அந்நேரமே அகற்றினோம். பின்னர், அவன் வழிகாட்ட, எல்லாவற்றையும் மீள அமைத்தோம். கோப்புகள் யாவும் திறந்த கோப்புறைக்கு வெளியே வைக்கப்பட்டன. ஒருவர் கோப்பைக் கேட்டால், சேவையகத்து நிரல் அவரை முதலிற் சோதித்து, அதன் பின்னரே எடுத்துக் கொடுக்கும். நுழைவுப் பக்கத்தில் ஒருமுறை கேட்டால் அமையாது. ஒவ்வொரு பக்கமும், ஒவ்வொரு கோப்பும், ஒவ்வொரு முறையும் கேட்டல் வேண்டும். இணையத்தின் மரபிலே இதற்கு இரு குறியெண்கள் உள. 401 என்பது “நீர் யார் என்பதை முதலில் நிறுவுக” எனப் பொருள்படும். 403 என்பதோ “உமக்கு இதற்கு அனுமதி இல்லை” என மறுப்பது. ஆளை அறிதல் வேறு, அனுமதித்தல் வேறு. செய்தி எழுதுவோர் செய்திப் பக்கத்தையும், பொருளாளர் கணக்குப் பக்கத்தையும் மட்டும் திறக்குமாறு இப்போது வகுத்துள்ளோம்.

அன்றுவரை செயற்குழுவினர் பதினொருவருக்கும் கடவுச்சொல் ஒன்றே. அதுவும் கல்லூரியின் பெயரும் அது தோன்றிய ஆண்டும் சேர்ந்தது! முகவரி வெளியே சென்றபோது, அதனை எடுத்தவர் யாவர் என அறிய வழி இருக்கவில்லை. பதினொருவரும் ஒருவரையொருவர் ஐயுற்றனர். நெடுநாள் நண்பர் இருவர் சில மாதங்கள் பேசாதிருந்தனர். எடுத்தவர் தாமே முன்வந்து கூறியபின்னரே அம்மனக்கசப்பு நீங்கியது. இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கணக்கு உண்டு. யார், எப்போது, எதனைத் திறந்தார் என்பதும் பதிவாகின்றது. மூத்த அங்கத்தவர் ஒருவர், “எங்களை நம்பேல்லையோ?” எனக் கடிந்தார். பற்றுச்சீட்டு எழுதும் பொருளாளரை யாம் ஐயுறுவதில்லையே! அப்பற்றுச்சீட்டே அவருடைய நேர்மைக்குச் சான்றாகின்றது. யான் இதனைக் கூறியபோது அப்பெரியவர் சிரித்து, தமக்கும் ஒரு கணக்குத் திறக்கச் சொன்னார்.

கடவுச்சொல்லின் வரலாறும் எமக்குப் புத்தி புகட்டுவது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசாசுசெட்சுத் தொழினுட்ப நிறுவனத்திலே, ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்தும் முறையைப் பெர்ணாண்டோ கோர்பட்டோ என்பார் தலைமையிலானோர் உருவாக்கினர்; அவரவர் கோப்புகளைக் காக்கக் கடவுச்சொல்லையும் புகுத்தினர். 1962இல் அங்கு ஆய்வு செய்துவந்த அலன் செர் என்னும் மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அனைத்தும் அடங்கிய கோப்பையே அச்சிட்டெடுத்துப் பிறர் நேரத்தையும் பயன்படுத்தினார். பூட்டு வந்த சில காலத்துள் திறப்புக் கோர்வையே களவு போயிற்று. அதுவும் ஒரு மாணவராலே!

கடவுச்சொற்களை உள்ளவாறே எழுதிவைத்தல் கூடாது என்பது இதன் பாடம். அரிசியை மாவாக்கலாம், மாவை மீண்டும் அரிசியாக்கல் இயலாது. அதுபோலச் சொல்லை மீட்கவியலாதவாறு அரைத்து, அரைத்த வடிவையே சேமித்தல் வேண்டும். ஒரே சொல்லை இருவர் வைத்திருப்பினும் அரைத்த வடிவு வேறுபடுமாறு, ஒவ்வொன்றிலும் தற்செயலான சில எழுத்துகளைக் கலத்தலும் வேண்டும். பெல் ஆய்வுகூடத்தினரான றொபேட் மொறிஸ், கென் தொம்சன் ஆகியோர் 1979இல் வெளியிட்ட கட்டுரையில் விளக்கிய இம்முறையிற் கலக்கப்படும் எழுத்துகளுக்கு ‘உப்பு’ என்றே பெயர். ஆயினும் 2009இல் ரொக்யூ என்னும் நிறுவனம், அரைக்காமலே வைத்திருந்த மூன்று கோடிக்கு மேற்பட்ட கடவுச்சொற்களை இழந்தது. அவற்றுள் மிகப் பலர் வைத்திருந்தது 123456 என்பதாகும். எமது கல்லூரிப் பெயரை யாம் வைத்ததற்கு அஃது ஆறுதலாகாது.

எம் அங்கத்தவரிடம் இப்போது கேட்பன சிலவே. கடவுச்சொல் நீளமாயிருத்தல் வேண்டும்; வேறெங்கும் பயன்படுத்தாததாயிருத்தல் வேண்டும். அடிக்கடி மாற்றுமாறு வற்புறுத்துவதில்லை. அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய தொழினுட்ப நிறுவனமும் 2017இல் அவ்வாறே அறிவுறுத்தியது. கட்டாயத்தின்பேரில் மாற்றுவோர் இறுதியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டுவர். பல முறை தவறாக இடின் கணக்குச் சிறிது நேரம் பூட்டப்படும். பொருளாளரின் கணக்குக்குக் கைத்தொலைபேசியில் வரும் குறியெண்ணும் வேண்டும். தளத்துக்கும் உலாவிக்குமிடையே செல்வன யாவும் இடையிலுள்ளோர் படிக்கவியலாதவாறு மறையாக்கப்படுகின்றன. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த அன்றே, பதவி நீங்கியோரின் கணக்குகள் மூடப்படுகின்றன.

எமது நாட்டிலும் 2022இல் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. சட்டம் வேண்டியதே. ஆயினும், எனக்கு அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே அவ்வம்மையாரின் சொல் சட்டமாயிற்று. உதவி பெறுவோரின் பெயர்கள் இப்போது தளத்தில் இல்லை. அங்கு எண்கள் மட்டுமே உள. எவ்வெண் எவருக்குரியது என்பது அதிபரின் இரும்பலுமாரியிலுள்ள ஒரு கொப்பியில் இருக்கின்றது. தளத்தில் இருக்கத் தேவையில்லாத ஒன்றை அங்கு வையாதிருத்தலிற் சிறந்த பூட்டை யான் இன்னும் கண்டிலேன்.

எனக்குப் பின் வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். புதிய பக்கமொன்றைச் சேர்த்த அன்று, வெளியேறிவிட்டு, வேறொருவரின் கைத்தொலைபேசியை வாங்கி, அப்பக்கத்தின் முகவரியையும் அதிலுள்ள ஒவ்வொரு கோப்பின் முகவரியையும் இட்டுப் பாருங்கள். ஒன்றேனும் கடவுச்சொல் கேளாது திறக்குமாயின், அதை அடைத்தபின்னரே நித்திரைக்குச் செல்லுங்கள். இதற்கு அரை மணி நேரம் போதும். அவ்வரை மணி நேரத்தை யான் அன்று செலவிட்டிலேன்.

அம்மாணவன் நான்காம் நாள் வகுப்புக்கு வந்து, தன் வழக்கமான வாங்கில் இருந்தான். யான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைய பாடத்தைத் தொடங்கினேன்.

எம் கல்லூரி அன்னை தன் மக்கள் அனைவரின் மானத்தையும் காத்து நீடு வாழ்க!