ஆறு கோடி நாட்கூலி

ஹட்டனிலோ பொகவந்தலாவையிலோ நுவரெலியாவிலோ, தேவாலயத்தில் பிரசங்கம் கேட்பவர்களைச் சிரிக்க வைப்பது தகுமா என்று யாராவது கேட்டால், பேச்சு பெரும்பாலும் மரியாதையோடு நின்றுவிடுகிறது. பாவமும் மரணமும் மீட்பும் பெரிய காரியங்கள், அவற்றின் பக்கத்தில் பகிடிக்கு என்ன வேலை என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. அதற்காக எந்தப் பகிடியும் ஆகுமென்றும் சொல்லமாட்டேன். தன்னால் ஆகாததைத் தானே செய்து முடிப்பேன் என்று ஒருவன் அடம்பிடிக்கும்போது எழும் சிரிப்பு ஒன்றிருக்கிறது. மீட்பைப் பற்றிப் பேச வருகிறவருக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைப்பது அரிது. அந்தச் சிரிப்பைத் தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்கவும் வேண்டியதில்லை.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒரு வேலைக்காரன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருக்கிறான். அக்காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாட்கூலி. ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம். ஆகக் கடன் 6 கோடி நாட்கூலி. மழையென்றும் காய்ச்சலென்றும் நிற்காமல் மாதம் 25 நாள் வேலை செய்தாலும் அடைத்து முடிக்க 2 லட்சம் வருடம் ஆகும், அதுவும் ஒரு சதம்கூடச் செலவழிக்காமல். இவ்வளவையும் தலையில் வைத்துக்கொண்டு அவன் கேட்பது தவணை! கொஞ்சம் பொறுங்கள், முழுவதையும் தந்துவிடுகிறேன் என்கிறான். தீபாவளி முற்பணமும் சங்கச் சந்தாவும் கழிந்து, சம்பளத் துண்டின் அடியில் மிஞ்சிய தொகையைப் பார்த்துவிட்டு, "வாற மாசம் எல்லாத்தையும் ஒரேயடியா தீத்துர்றேன் மொதலாளி" என்பவனும், சரி சரி என்று தலையாட்டியபடியே கொப்பியில் அடுத்த வரியை எழுதும் கடைக்காரரும் நடத்துவது இதே நாடகம்தான். அடுத்த மாதமும் தீராது என்று இருவருக்கும் தெரியும். இயேசுவின் கதையைக் கேட்டவர்களும் நாட்கூலியின் மதிப்பை அறிந்தவர்கள். அந்தத் தொகையைக் கேட்டதும் அவர்கள் சிரிக்காமல் இருந்திருப்பார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை.

இதற்கு ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு. தோட்டத் தொழிலாளியின் கடன் அவன் செய்த குற்றமல்ல, அவன் தலையில் கட்டப்பட்டது. ஊரில் ஆள் திரட்டிய கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் சேர்ந்து, முதல் கொழுந்தைக் கிள்ளுமுன்பே ஆளைக் கடனாளி ஆக்கின. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் துண்டு வேண்டியிருந்தது. இவ்வளவு கடன் அடைக்கப்பட்டால் இந்த ஆட்களை விடுவிக்கலாம் என்று தோட்டத்துத் துரை எழுதிக் கொடுத்த சீட்டு அது. புதிய தோட்டம் பணத்தைக் கட்டியது; கட்டிய பணம் அங்கே அதே ஆட்கள் மேல் கடனாக ஏறியது. 1921இல் சட்டம் போட்டுத்தான் இந்த முறையை ஒழிக்க வேண்டியிருந்தது. இத்தகைய வரலாறு உள்ளவர்களிடம் கடனைப் பாவத்துக்கு உவமையாகச் சொல்லி, அதற்குச் சிரிக்கவும் சொன்னால், துரை செய்ததைத் தேவன் பேரில் எழுதியது போலாகாதா? 1854இல் தோட்டங்களில் தொடங்கிய ஆங்கிலிக்கன் தமிழ் மிஷனுக்குத் துரைமாரின் பணமும் ஆதரவும் இருந்தன என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஆட்சேபத்தை நான் ஏற்கிறேன். ஆனால் துண்டு முறையை அறிந்தவர்களுக்கே உவமையின் கூர்மை முழுதாகப் படும் என்பது என் எண்ணம். துண்டில் எசமான் மாறுவான், கடன் மாறாது. புதிய எசமான் விலை கொடுத்தான் என்பதற்காகவே அவனுக்கு அடிமைப்பட வேண்டும். உவமையில் கடனை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கடன் கொடுத்த அரசனே நட்டத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்டு கொப்பியை மூடுகிறான். மனிதரை மீட்கக் கிறிஸ்து பிசாசுக்கு விலை கொடுத்தார் என்ற பழைய விளக்கத்தை, 11ஆம் நூற்றாண்டின் முடிவில் இறையியலாளர் அன்செல்ம் மறுத்தார். பிசாசுக்கு மனிதர்மேல் அப்படியோர் உரிமையே கிடையாது என்றார். கங்காணியின் கணக்கைக் கண்ட சமூகத்துக்கு இந்த வாதம் சட்டென்று பிடிபடும். ஆகவே பிரசங்கியார் வறுமையைப் பார்த்துச் சிரிக்க வைத்தால் அது கொடுமை. எல்லாவற்றையும் அடைத்துவிடுவேன் என்ற வீறாப்பைப் பார்த்துச் சிரிக்க வைக்கலாம்; அந்த வீறாப்பு துரைக்கும் உண்டு, பிரசங்கியாருக்கும் உண்டு.

சிரிப்பு பாவத்தை லேசாக்கிவிடும் என்போருக்குப் பழைய சபையே பாதி பதில் சொல்லிவிட்டது. சிலுவை பிசாசுக்கு வைத்த எலிப்பொறி, கிறிஸ்துவின் மரணம் அதில் மாட்டிய இரை என்று பிரசங்கித்தவர் அகுஸ்தீன். லயத்து அறையில் கருவாட்டுத் துண்டு மாட்டிப் பொறி வைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மறுபாதி எச்சரிக்கை. ஜெர்மன் நாடுகளில் ஈஸ்டர் பிரசங்கத்தில் சிரிக்க வைக்கும் வழக்கம் ஆபாசக் கதைவரை போனதைக் கண்டித்து இறையியலாளர் எக்கொலம்பாடியஸ் 1518இல் எழுதினார். எல்லை எங்கே என்பதற்குத் தமிழில் வீரமாமுனிவரின் பரமார்த்த குருவின் கதை இருக்கிறது. குருவும் ஐந்து சீடரும் ஆற்றைக் கடந்து ஆளெண்ணுகிறார்கள். எண்ணுகிறவன் தன்னை விட்டுவிடுவதால் கணக்கு ஐந்திலேயே நிற்கிறது. ஒருவன் ஆற்றோடு போய்விட்டான் என்று ஒப்பாரி வைக்கிறார்கள். வழிப்போக்கன் ஒருவன் காசு பேசிக்கொண்டு, ஆளுக்கொரு அடி முதுகில் வைத்து எண்ணிக் காட்டிய பிறகே ஆறு பேரும் இருப்பது தெரிகிறது. வெளியிலிருந்து ஒருவன் வந்து எண்ணாமல் தீராத சிக்கல் அது. மடத்துக் குருமாரைக் கேலிசெய்ய எழுதியது என்ற குற்றச்சாட்டு இந்த நூலின் மேல் உண்டு. அப்படி வாசிக்கிறவனும் தன்னை எண்ணாமல் விட்டவன்தான். மாரியம்மன் கோயிலும் சிற்றாலயமும் ஒரே தோட்டத்தில் இருக்கும் இடங்களில், அடுத்தவர் குருவைச் சிரிக்கும் பிரசங்கம் வம்பை மட்டுமே வளர்க்கும்.

மரணத்தின் முன்னால் இதெல்லாம் எடுபடுமா? 2014 அக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியபோது, அங்கே யாரும் பகிடி பேசியிருக்க முடியாது, பேசவும் கூடாது. அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரம் இதில் நிதானம் தவறவில்லை. மரண தண்டனைக்குக் காத்திருந்த பேதுரு சிறையிலிருந்து விடுபட்டு வந்து கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் சந்தோஷத்தில் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள். அவர் விடுதலைக்காகச் செபித்துக்கொண்டிருந்தவர்களே அவளைப் பைத்தியம் என்கிறார்கள். பேதுரு தட்டிக்கொண்டே நிற்கிறார். நல்ல நகைச்சுவை. ஆனால் அதே அதிகாரத்தின் தொடக்கத்தில் யாக்கோபு வாளால் வெட்டப்பட்டிருக்கிறார். அவருக்கு எந்தச் சிறைக்கதவும் திறக்கவில்லை. எழுதியவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்றைக் காட்டி மற்றதை ஆற்றவில்லை.

இலவச மன்னிப்பு ஆளைப் பொறுப்பற்றவனாக்கும் என்ற குறையும் சொல்வார்கள். அதற்கு உவமையின் பின்பாதியைப் படிக்க வேண்டும். 6 கோடி நாட்கூலி மன்னிக்கப்பட்டவன் வெளியே வந்ததும், தனக்கு 100 வெள்ளிப்பணம் தர வேண்டிய சக வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். 100 வெள்ளிப்பணம் நான்கு மாத உழைப்பு. எந்த லயத்திலும் அது சின்னத் தொகையாகாது. அகப்பட்டவனும் தவணைதான் கேட்கிறான், முன்பு இவன் கேட்ட அதே வார்த்தைகளில். இந்தமுறை அந்த வாக்கு நடக்கக்கூடியது. ஆனாலும் இவன் அவனைச் சிறையில் போடுகிறான். மன்னிப்பைப் பெற்றவனிடம் பொறுப்பைக் கேட்பதும் அதே உவமைதான்.