உள்ளான் இறங்கிய வயல்கள்

சொர்ணவாரி அறுப்பு முடிந்து, சம்பாவுக்குச் சேடை ஓட்டத் தண்ணீர் கட்டினால், அந்தச் சேற்றில்தான் முதல் உள்ளான் இறங்கும். செப்டம்பர் கடைசியில் வரும். கோடை முற்றுவதற்குள் வடக்கே திரும்பிவிடும். பாலாற்றுக்கும் மதுராந்தகம் ஏரிக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. பழுப்பிலும் கறுப்பிலும் கோடு கிழித்த முதுகு, அறுத்த தாளோடு தாளாகக் கரைந்துவிடும். காலடியிலிருந்து கரகரத்துக் கிளம்பினால்தான் இவ்வளவு நேரம் அங்கே இருந்தது தெரியும். பெரியப்பாவுக்கோ பறவையைப் பார்க்கவே வேண்டியதில்லை. வரப்பில் குந்தி உட்கார்ந்து சேற்றைப் பார்ப்பார். நீண்ட அலகை இறக்கிப் புழு தேடிய துளைகள் வரிசையாக இருக்கும். துளையில் நின்ற தண்ணீர் தெளிந்திருந்தால் ராத்திரி மேய்ந்துவிட்டுப் போனது. கலங்கியிருந்தால் இப்போதும் இங்கேதான் இருக்கிறது.

நான் சொல்வது அறுபதுகளின் கதை. மெட்ராஸ் கம்பெனி துரைகளும், துரைகள் கப்பலேறிய பிறகு அவர்கள் நாற்காலியில் உட்கார்ந்த நம்மவர்களும், ஞாயிற்றுக்கிழமை எழும்பூரிலிருந்து முதல் பாசஞ்சரில் படாளத்தில் வந்து இறங்குவார்கள். பெரியப்பா அவர்களை வயலுக்கு அழைத்துப் போவார். நாங்கள் பிள்ளைகள், விழுந்த பறவையைத் தேட. பெரியப்பா சொல்லும் முதல் பாடம் காற்று. உள்ளான் எழும்போது காற்றை எதிர்த்துத்தான் எழும்பும். காற்று நம் முதுகில் படும்படி நடந்தால் அது நம் பக்கமாகக் கிளம்பி, ஒரு கணம் தடுமாறித் திரும்பும். அந்தக் கணம்தான் சுடுகிறவனுக்கு உரியது. எதிர்க்காற்றில் நடந்தாலோ, அது இடமும் வலமுமாக வெட்டி வெட்டிப் பறந்து, குழலைத் தூக்குவதற்குள் அடுத்த வயலைத் தாண்டியிருக்கும். உள்ளானுக்கு எட்டாம் நம்பர் ரவை. ஏரித் தாராவுக்கு நாலு அல்லது ஆறு. பெரிய ரவையால் உள்ளானைச் சுட்டால் ரவைகளுக்கு நடுவிலுள்ள இடைவெளியில் அது தப்பிவிடும். தப்பாமல் பட்டுவிட்டாலோ கறி மிஞ்சாது.

மிஞ்சினாலும் ஒரு வாய்தான். துரைகள் அதை வறுத்து ரொட்டித் துண்டின் மேல் வைத்துச் சாப்பிடுவார்களாம். "ஒரு வாய்க் கறிக்கு ஒரு தோட்டாவா? அந்தக் காசுல கோழி வாங்கலாமே" என்பார் பெரியம்மா. பதில் சொல்ல யாராலும் முடிந்ததில்லை.

பெரியப்பாவின் துப்பாக்கி பர்மிங்ஹாமில் செய்த பன்னிரண்டு போர் இரட்டைக் குழல். இரண்டாம் கையாக மவுண்ட் ரோட்டில் வாங்கியது. இன்று கடிகாரக் கடையாகவே எல்லோரும் அறிந்த பி. ஆர் அண்ட் சன்ஸ் ஒரு காலத்தில் துப்பாக்கியும் விற்றது. அந்தப் பேர் பொறித்த குழல்களை இரண்டொரு வீடுகளில் பார்த்திருக்கிறேன். அப்போதெல்லாம் தோட்டாவின் கூடு காகிதம். உள்ளான் வருவதும் ஐப்பசி மழை பிடிப்பதும் ஒரே பருவமாகப் போனதால், ஈரத்தில் தோட்டா ஊதிக்கொண்டு குழலுக்குள் போகாமல் நிற்கும். பிஸ்கட் டின்னில் வறுத்த அரிசி மூட்டை ஒன்றைப் போட்டு, அதன்மேல் தோட்டாக்களை அடுக்கி மூடி வைத்திருப்பார்.

வரப்பு ஏறுமுன் துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை எடுத்துவிட வேண்டும். வழுக்கி விழுந்து எழுந்தால், எத்தனை பறவை கிளம்பினாலும் சரி, முதலில் குழலுக்குள் கண்ணை ஓட்டி வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். சேறு அடைத்த குழலில் சுட்டால் குழலே வெடிக்கும். கடல் பக்கம், மாமல்லபுரம் கழிவெளிக்குத் தாரா தேடிப் போய் வந்தால், எவ்வளவு களைப்பானாலும் அன்றிரவே துடைத்தாக வேண்டும். உப்புக்காற்று விடியும்வரை காத்திருக்காது. துடைக்கத் தையல் மிஷின் எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் பிசுக்காகி உறைந்துவிடும். இந்தச் சட்டங்களை மீறிய ஒரு பெரிய கம்பெனி அதிகாரியைப் பெரியப்பா பாதி வயலிலேயே நிறுத்தி, அடுத்த பாசஞ்சரில் ஏற்றிவிட்டதை நேரில் பார்த்தவன் நான்.

நாய் விஷயம்தான் அவருக்குச் சுலபமாக வாய்க்கவில்லை. தமிழ்நாட்டு வேட்டை நாய்கள் எல்லாம் துரத்திப் பிடிக்கிற சாதி. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணில் பட்ட முயலை ஓடியே மடக்கும். ராஜபாளையம் காட்டுப் பன்றிமேல் பாயும். துப்பாக்கிக்குத் துணை போகும் நாய்க்கு வேண்டியது நேர் எதிரான குணம்: பறவை கிளம்பும்போது உட்கார்ந்திருக்க வேண்டும், வெடிச் சத்தத்துக்கு மிரளக் கூடாது, விழுந்ததைத் தேடி எடுத்துப் பல் படாமல் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். வெள்ளைக்காரர்கள் ஸ்பானியலையும் பாயின்டரையும் ரெட்ரீவரையும் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்தது இதற்காகத்தான். ஆனால் அந்த நாய்களுக்கு நம் வெயிலும் ஆகாது, உண்ணியும் ஆகாது. மெட்ராஸ்காரர் ஒருவர் அன்பளிப்பாகக் கொடுத்த ஸ்பானியல் குட்டி உண்ணிக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தது. உண்ணி நாயின் மேல் மட்டும் இருப்பதில்லை, சுவர் வெடிப்பில் குடியிருக்கிறது என்று பெரியப்பா அதன் பிறகுதான் கண்டுகொண்டு, தொழுவம் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தார்.

அடுத்து வந்த கருப்பன் ஊர் நாய். ஏரிக்கரைக் குடிசையில் இருந்த இருளர் பெரியவர் கொடுத்த குட்டி. கோழி இறகைச் சணலால் உருண்டையாகக் கட்டி எறிந்து பழக்கினார். ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் எறிய மாட்டார். அதற்கு மேல் போனால் அது வேலை இல்லை, விளையாட்டு. உருண்டையைக் கவ்விக்கொண்டு கருப்பன் ஓட, நான் பின்னால் ஓட, "தொரத்தாதடா. திரும்பி நட. அதுவா வரும்" என்பார். வரும். வெடிச் சத்தத்தைத் தூரத்திலிருந்து, அது கூழ் குடித்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்துப் பழக்கினார். கொண்டுவந்த பறவையின் விலாவை விரலால் தடவிப் பல் பட்டிருக்கிறதா என்று பார்ப்பார். பட்டிருந்தால் அடிக்க மாட்டார். அன்றைக்கு அடுத்த பறவையைத் தேட விட மாட்டார், அவ்வளவுதான். வேலை முடிந்த பிறகுதான் சாப்பாடு. ஒன்பது மணி வெயில் ஏறினால் வேலையே கிடையாது. வீட்டுக்கு வந்ததும் நான்கு பாதங்களின் விரலிடுக்கிலும் கருவேல முள் தேட வேண்டும். அது என் பொறுப்பு.

குட்டி கொடுத்த இருளர் பெரியவரை, அவர் வயதில் பாதிகூட ஆகாதவர்களும் ஊரில் வாடா போடா என்றுதான் கூப்பிட்டார்கள். பெரியப்பா "வாய்யா" என்பார். ஊர் வழக்கத்தில் அதுவே பெரிய சலுகை. அறுவடை வயலில் எலி பிடிப்பது அவருக்குத் தொழில். பானையில் வைக்கோல் புகை மூட்டி வளைக்குள் ஊதி, கடப்பாரையால் தோண்டுவார். எந்த வளையில் உயிர் இருக்கிறது என்று அவர் நாய்தான் சொல்லும். எலி சேர்த்து வைத்த நெல் அவருக்குக் கூலி. பாம்பும் பிடிப்பார், தோலை வியாபாரிக்குக் கொடுப்பார். பெரியப்பா காற்றைப் பற்றிச் சொன்னதில் பாதி அவரிடம் கற்றது என்று எனக்குச் சந்தேகம்.

ஒரு துரை வேடந்தாங்கலுக்கு அழைத்துப் போகச் சொன்னார். கை நீட்டினால் நாரை, கண்ணை மூடிச் சுட்டாலும் விழும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா சிரித்தார். "அந்த ஊர்க்காரன் ஏரியில கைய வச்சா, அப்புறம் நம்ம ஊர் வண்டி அந்தப் பக்கம் போகாதுங்க." காரணம் பக்தி மட்டும் இல்லை. நத்தைக்குத்தியும் கூழைக்கடாவும் நீர்க்காகமும் ஆயிரக்கணக்கில் கூடு கட்டும் நீர்க்கடம்புகள் அந்த ஏரிக்குள் நிற்கின்றன. எச்சம் கரைந்த தண்ணீர் மதகு வழியாக வயலுக்குப் பாய்கிறது. அவர்களுக்கு அது காசில்லாமல் வரும் உரம்.

அந்தக் காவல் பழையது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் வெள்ளைச் சிப்பாய்கள் வந்து பறவைகளைச் சுட, ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் முறையிட்டார்கள். 1798இல், லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது, சுடக் கூடாதென்று கவுல் எழுதி வாங்கினார்கள். 1858இல் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள். இதே பிளேஸ் துரைக்குத்தான், மதுராந்தகம் ஏரி உடையும் நிலையில் இருந்த மழை இரவில், கரைமேல் வில்லோடு இரண்டு இளைஞர்கள் நிற்பது தெரிந்ததென்பது ஏரி காத்த ராமர் கோயில் கதை. கரை பிழைத்தது, ஜனகவல்லித் தாயார் சந்நிதியை துரை கட்டிக் கொடுத்தார். எங்கள் தாலுகாவின் இரண்டு காவல் கதைகளிலும் ஒரே கலெக்டர் வந்து நிற்பதில் பெரியப்பாவுக்கு ஒரு பெருமை. "ராமரே ஏரிக்குத்தாண்டா காவல் நின்னாரு" என்பார்.

அதே காலத்தில் துரையின் சொந்த நாட்டில் கதை தலைகீழ். பெரிய நில வருமானம் இல்லாதவன் கௌதாரியையோ முயலையோ வேட்டையாடவே கூடாது என்ற சட்டம் இங்கிலாந்தில் 1831 வரை இருந்தது. பண்ணையார் சம்பளம் கொடுத்து வைத்த காவல்காரன், பண்ணையாரின் பறவையை ஊர் ஏழையிடமிருந்து காத்தான். இங்கே ஊர் ஏழைகள், துப்பாக்கி பிடித்தவர்களிடமிருந்து பறவையைக் காத்தார்கள். சம்பளம் ஏரித் தண்ணீரிலேயே வந்தது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. சிறு வேட்டைக்கு உரிமம் வாங்கலாம் என்ற சந்து மட்டும் மிச்சமிருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. அடைத்தது சரிதான். மெட்ராஸ்காரர்கள் ஒரே காலையில் சுட்டுக் கட்டித் தூக்கிய கொத்துகளை நான் சுமந்திருக்கிறேன். அவர்களில் யாருக்கும் அது பசி இல்லை. பெரியப்பாவும் குறை சொல்லவில்லை. தேர்தலுக்குத் தேர்தல் துப்பாக்கியை போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்து, ரசீது வாங்கி, மீட்டு வந்து துடைத்து வைத்தார். அவருக்குப் பிறகு வீட்டில் யாரும் அந்த உரிமத்தைக் கேட்கவில்லை.

சட்டம் இருளரைத்தான் நேராக அடித்தது. தோல் வியாபாரம் நின்றதும் பிழைப்பு நின்றது. ஆனால் 1978இல் ரோமுலஸ் விட்டேகர் முன்னின்று உதவ, மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து, விஷம் எடுத்து, காட்டிலேயே திரும்ப விடுகிறார்கள். விஷமுறிவு மருந்து செய்ய அந்த விஷம் போகிறது. கொன்று தோலை விற்ற கைகளுக்குப் பாம்பு உயிரோடு இருப்பது லாபமாயிற்று. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் 2017இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்குப் போய், அங்கே பெருகிவிட்ட மலைப்பாம்புகளைத் தேடிப் பிடித்தார்கள்; 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ. செய்தியைப் படித்தபோது, எங்கள் ஏரிக்கரைப் பெரியவரின் கைக்கும் இதே கலை தெரியுமே என்றுதான் தோன்றியது. அவர் காலத்தில் அதற்குக் கிடைத்தது எலி வளை நெல்.

உள்ளானுக்கு இப்படி ஒரு சங்கமும் அமையவில்லை, கவுலும் இல்லை. சுடுகிறவர்கள் போனார்கள், பிறகு வயலே போனது. பரனூர் பக்கம் மகிந்திரா வேர்ல்டு சிட்டி எழுந்தது. நெடுஞ்சாலையை ஒட்டிய ஆயக்கட்டு மனைகளாயிற்று. எங்கள் ஏரியில் மழைக்கு இன்றும் தண்ணீர் நிற்கிறது. மதகைத் திறக்கச் சொல்லி நீர்க்கட்டியோடு சண்டை போட ஆள் இல்லை. பாசனம் இல்லாத ஏரியில் யார் மண் அள்ளினால் என்ன, யார் குப்பை கொட்டினால் என்ன என்றாகிவிட்டது. சேடைச் சேறு இல்லாத இடத்தில் உள்ளான் எதற்கு இறங்கும்? வேடந்தாங்கல் 2022இல் ராம்சார் பட்டியலில் ஏறியது. பக்கத்துக் கரிக்கிலியும் அதே ஆண்டில். மகிழ்ச்சிதான். ஆனால் பட்டியல் வருவதற்கு இரு நூற்றாண்டு முன்பே அந்த ஏரியைக் காத்தவர்கள் அதன் தண்ணீரில் நெல் விளைவித்தவர்கள். அந்த நெல் நிற்கும்வரைதான் பலகைக்கும் வேலிக்கும் பலம்.

இப்போது பறவை பார்க்க வரும் இளைஞர்கள் என்னிடம் வழி கேட்கிறார்கள். கையில் துப்பாக்கிக்குப் பதில் கேமரா. பெரியப்பாவின் பாடங்களில் பாதி அவர்களுக்கும் பொருந்துகிறது: காற்று முதுகில் பட நட, சேற்றுத் துளையைப் பார், வெயில் ஏறுமுன் திரும்பு. நாய்ப் பாடத்தைத்தான் யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையின் அடுக்குமாடிகளில் லேப்ரடார் இல்லாத மாடி இல்லை. சுட்ட பறவையை எடுத்துவரவென்றே வளர்த்த சாதி, கோவளம் மணலில் டென்னிஸ் பந்தை எடுத்துவருகிறது. பிள்ளைகள் சலிக்காமல் எறிகிறார்கள், துரத்துகிறார்கள். பெரியப்பா இருந்திருந்தால் மூன்றாவது முறையோடு நிறுத்தியிருப்பார்; நிறுத்திவிட்டு, பந்தைக் கையில் வாங்கித் தடவிப் பல் பட்டிருக்கிறதா என்றும் பார்த்திருப்பார்.