யானைக்குக் கடலில் ஒரு சொந்தம்

எங்கட வன்னியில் யானையைப் பற்றிக் கதைக்காத வீடு இல்லை. ஆவுளியாவைப் பற்றிக் கேட்டால் மன்னார்க் கரையில் வயசான ஆக்கள்தான் ஏதும் சொல்லுவினம்.

ஆவுளியாவைக் கடற்பசு எண்டும் சொல்லுறது. ஆனால் பசுவை விட யானைதான் அதுக்குக் கிட்டின சொந்தம். இரண்டும் முலையூட்டிகள், வருணத்தில்தான் பிரியுதுகள். யானை துதிக்கையுள்ள விலங்குகளின் வருணம், ஆவுளியா கடற்பசுக்களின் வருணம். ஒரே மூதாதையிலிருந்து பல கோடி வருசங்களுக்கு முதல் பிரிஞ்சதுகள். இப்பவும் இரண்டுக்கும் பால்மடி முன்னங்கால் பக்கம்தான். ஆண் ஆவுளியாவுக்குச் சின்னதாய்த் தந்தமும் உண்டு.

வாழிடம் மட்டும் நேரெதிர். யானைக்குக் காடும் குளமும் புல்வெளியும் வேணும். ஆவுளியாவுக்கு மன்னார் வளைகுடா, பாக்கு நீரிணை மாதிரி ஆழமில்லாத கடலும் அதன் அடியில் கடற்புல்லும் வேணும். மூச்சுவிட மேல வராட்டில் அது சாகும். அதாலதான் வலையில் சிக்கினால் தப்பிறது கஷ்டம். இழுவை மடி கடற்புல்லையே வழிச்செடுத்தால் சாப்பாடும் இல்லை.

உலகச் சிவப்புப் பட்டியலில் ஆசிய யானை 'அருகிவரும்' இனம். ஆவுளியா அதுக்கு ஒரு படி கீழே, 'அழிவாபத்துக்கு இலக்காகக்கூடிய' இனம். அப்ப யானைக்குத்தானே ஆபத்துக் கூட? இதை எங்கட நிலத்தில் வைச்சுப் பார்க்க வேணும். 2011 கணக்கெடுப்பில் இலங்கையில் 5879 யானைகள். ஆவுளியாவோ எங்கட கடலில் கண்ணில் படுறதே அரிது. பட்டியல் முழு உலகத்துக்குமானது. அவுஸ்திரேலியக் கரையில் ஆவுளியா நிறைய இருக்கிறது மன்னாருக்கு உதவாது.

யானை வயலுக்குள் வந்து தன் பிரச்சினையைச் சொல்லுது. என்ர மாமா அறுவடைக் காலத்தில் இரவிரவாய்க் காவல் இருக்கிறவர். அவரிட்ட போய் "யானை பாவம்" எண்டு சும்மா சொல்ல ஏலாது. நட்டத்துக்குப் பதில் சொல்லத்தான் வேணும். ஆவுளியா ஒருத்தற்ர வேலியையும் உடைக்கிறதில்லை. அதாலயே அதைப் பற்றி ஒருத்தரும் முறைப்பாடு செய்யிறதும் இல்லை.

இதே வருணத்தைச் சேர்ந்த ஸ்டெல்லர் கடற்பசுவை 1741இல்தான் ஐரோப்பியர் கண்டவை. 1768ஓட அது முடிஞ்சுது. 27 வருசம். சத்தமில்லாத விலங்குக்கு அவ்வளவு காலம் போதும்.