பாவு எது, ஊடை எது?

ஒரு கல்யாண மண்டபத்தின் முற்றத்துக்குத் துணிக்கூரை போட்டுக் கொடுத்தவர் என் கட்சிக்காரர். நடுவே ஒரு கம்பம். அதன் உச்சி வளையத்திலிருந்து சுற்றிலும் பிவிசி பூசிய பாலியஸ்டர் துணி கூம்பாகச் சரிந்து இறங்கும். ஐப்பசி மழையில் வடக்கு ஓரத்தில் தண்ணீர் தேங்கித் துணி கிழிந்தது. சரியாக இழுத்துக் கட்டவில்லை என்று மண்டபத்தார் நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். அவர்களுடைய நிபுணர், கூரையைச் சிறு கூறுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிட்ட ஃபைனைட் எலிமென்ட் அறிக்கை ஒன்றை வண்ணப் படங்களோடு கொடுத்தார். வடிவமைத்தபடி இழுத்திருந்தால் தண்ணீர் தேங்கியிருக்காதாம்.

அந்தச் சிவப்பையும் நீலத்தையும் பார்த்து நான் மலைத்துப்போனேன். என் குமாஸ்தா காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பத்துக்காரர். எட்டிப் பார்த்துக் கேட்டார்: "இதுல பாவு எது, ஊடை எது சார்?"

அறிக்கையில் அது இல்லை.

துணியில் நீள இழையான பாவு, வளையத்திலிருந்து ஓரம் நோக்கி ஓடியது. அதில் மீட்டருக்கு 3 கிலோநியூட்டன், குறுக்கிழையான ஊடையில் 1.5 என்பது ஒப்பந்த வரைபடம். மாடலில் இந்தத் தொடக்க இழுவிசையை ஒவ்வொரு கூறின் சொந்த அச்சில்தான் கொடுக்க வேண்டும். அச்சு எது என்று சொல்லாவிட்டால், நிபுணர் பயன்படுத்திய அபாகஸ் மென்பொருள் பொதுவான எக்ஸ் அச்சைப் பரப்பின்மேல் படியவைத்து அதையே முதல் திசையாக எடுத்துக்கொள்ளும். அவர் சொல்லவில்லை; அவருடைய மாடலில் எக்ஸ் கிழக்கு நோக்கியிருந்தது. கிழக்கிலும் மேற்கிலும் அது பாவோடு ஒத்துப்போகும்; வடக்கிலும் தெற்கிலும் ஊடையின்மேல் விழும். இரண்டு திசைக்கும் ஒரே இழுவிசை என்றால் ஆரம்பத்தில் தவறு தெரியவே தெரியாது. இங்கே அப்படியில்லை, என் அதிர்ஷ்டம்.

குறுக்கு விசாரணையில் அச்சுகளை அம்புக்குறிகளாகத் திரையில் காட்டச் சொன்னேன். "வடக்கே அம்பு கம்பத்தைச் சுற்றுகிறதே, துணியை அப்படியா தைத்திருக்கிறார்கள்?" நிபுணர் இல்லை என்றார். எனக்கு அடுத்த கேள்விதான் பிடித்தமானது: "மழையை ஏற்றும் முன்பு, வெறும் இழுவிசையிலேயே கூரை எவ்வளவு நகர்ந்தது?" இழுவிசையும் வடிவமும் பொருந்தாவிட்டால், கணினி வடிவத்தை மாற்றித்தான் சமநிலைக்கு வரும். அவர் இரண்டையும் ஒரே கட்டத்தில் ஏற்றியிருந்தார். சொல்ல அவரிடம் எண் இல்லை.

திருத்திய மாடலில், வடிவமைத்த இழுவிசையிலேயே வடக்கு ஓரத்தில் நீர் தேங்கியது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். ஓய்வுபெற்ற நீதிபதியான நடுவர் என் கட்சிக்காரரைப் பார்த்தார். "இந்தத் துணி நாளடைவில் தளரும், மறுபடி இழுக்க வேண்டும் என்று உங்கள் பொறியாளரே சொன்னார். இழுத்ததற்குப் பதிவேடு எங்கே?"

பதிவேடு இல்லை. கேட்ட நஷ்டஈட்டில் பாதியைக் கொடுக்கும்படி தீர்ப்பானது.