விலைச்சீட்டைக் கேட்ட காது

ஸ்பீக்கர் விமர்சனம் எழுதிக் காசு வாங்குகிறவன் நான். எழுதியதில் பெரும்பகுதியைத் தீர்மானித்தது என் காது இல்லை, விலைச்சீட்டு.

அலமாரியில் அடங்கும் சின்னப் பெட்டிகள்தான் என் பேட்டை. ஒரு ஜோடி வந்து இறங்கியதும் பக்கப் பலகையை விரலால் தட்டுவேன், விலை கேட்பேன், தீர்ப்பு முடிந்தது. பிறகு பாட்டுக் கேட்பதெல்லாம் அதற்குச் சாட்சி சேர்க்கத்தான்.

மிகப் பெரிய புளுகு, பாஸ் பற்றியது. பாஸ் கிதாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஐந்து அங்குலக் கூம்பு வைத்த பெட்டியில் அந்த அடிநாதம் ஒப்புக்குத்தான் இருக்கும். மேல் ஸ்வரங்களைப் பிடித்துக்கொண்டு மூளை மிச்சத்தை இட்டு நிரப்புகிறது. 1970களில் பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக உருவாக்கிய எல்.எஸ். 3/5ஏ ஸ்பீக்கர் ஓரடி உயரம்தான். அதன் மேல்பாஸில் ஒரு சின்ன மேடு உண்டு, அதனால் பாஸ் நிறைவாக இருப்பதுபோல் தோன்றும். இவ்வளவும் தெரிந்தே, பிடித்த பெட்டிக்கு 'அதலபாதாள ஆழம்' என்று எழுதினேன். பிடிக்காததில் அதே குறை 'வறட்சி' ஆனது.

இன்னொன்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஒரே வால்யூமில் வைத்தாலும் எல்லாப் பெட்டியும் ஒரே சத்தம் தராது. கொஞ்சம் உரக்கப் பாடுவதைக் காது 'தெளிவு' என்று எடுத்துக்கொள்ளும். மீட்டர் வைத்துச் சமன்செய்த பிறகே ஒப்பிட வேண்டும். மீட்டர் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. எடுத்தால் என் செல்லப் பிள்ளை தோற்றுவிடுமோ என்ற பயத்தில் எடுக்கவில்லை. சில நாள் அதற்கு மட்டும் குமிழை ஒரு பொட்டு கூடுதலாகவே திருப்பினேன்.

1994இல் ஒலி ஆய்வாளர்கள் ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும், ஸ்பீக்கர் தயாரிக்கும் ஹார்மன் நிறுவன ஊழியர்களையே உட்காரவைத்துச் சோதித்தார்கள். பார்க்காமல் கேட்டபோது நல்ல மதிப்பெண் வாங்கிய சிறிய, மலிவான செட், கண்ணில் பட்டதும் இறங்கிப்போயிற்று. இதைப் படித்த அன்றே திரை வாங்கியிருக்கலாம். திரைக்கு என்ன பெரிய விலை! திரைக்குப் பின்னால் நான் சாதாரண ஆளாகிவிடுவேனே, அதுதான் தடுத்தது.

போன இதழில் ஒரு மலிவு ஜோடியை 'கச்சேரிக்கு ஒத்துவராது' என்று தள்ளினேன். அதில் நான் கச்சேரி எதுவும் போட்டுப் பார்க்கவில்லை.