கொட்டகலையில் ஒரு பிரிக் கேம்

விடுமுறையில் மலையகம் போக நினைத்தால் கொழும்பு கோட்டையில் பதுளை ரயிலில் ஏறுங்கள். அட்டனைத் தாண்டியதும் சிங்கமலைச் சுரங்கம். இருள் விலகினால் கொட்டகலை. தேயிலைச் சரிவுகள், லயன்கள், பனி. என் மகனோ போன் விளையாட்டிலிருந்து கண்ணெடுக்கவேயில்லை.

மாமி வீட்டில் ஓயாத மழை. சிக்னலும் போய்விட்டது. அஸர் தொழுதுவிட்டு மாமி அலுமாரியிலிருந்து ஒரு பழைய பிரிக் கேமை எடுத்துத் தந்தார். தொண்ணூறுகளின் விடுமுறைகளில் நானும் நானாவும் இதற்காகவே சண்டை பிடிப்போம். மேலிருந்து விழும் கட்டைகளை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். 1984இல் மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய டெட்ரிஸின் நகல் அது. 1989இல் நின்டெண்டோவின் கேம் போயோடு டெட்ரிஸ் உலகெங்கும் பரவியது.

பற்றரி போட்டதும் உயிர் வந்தது. ஒருவர் ஆட, நால்வர் எட்டிப் பார்த்தோம். என் வேகத்தைக் கண்டு மகன் வாய்விட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பிடையே கேட்டேன்: "போனில் நீங்க யாரோட விளையாடுறீங்க, மகன்?"

"பேர் மட்டும்தான் தெரியும். ஒருத்தர் துபாய் என்றார். நீங்க கேட்டதே இல்லையே, உம்மா!"

நெஞ்சு திக்கென்றது. தெருவுக்குப் போனால் யாரோடு என்று விசாரிக்கும் நான், அவன் கைக்குள் இருந்த கூட்டத்தை விசாரித்ததே இல்லை.

பறித்து வைத்தால் ஒளித்து விளையாடுவார்கள், சகோதரிகளே. பக்கத்தில் அமர்ந்து ஓர் ஆட்டம் பழகுங்கள். கூட்டாளிகள் யாரென்று கேளுங்கள். முகவரியோ படமோ கொடுக்கக் கூடாதென்று சொல்லிவையுங்கள்.

மறுநாள் தலவாக்கலை வீதியில் 97 மீட்டர் உயர டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போனோம். வழிநெடுக அவன் அந்தத் துபாய்க்காரரைப் பற்றியே பேசினான். நான் கேட்டுக்கொண்டு வந்தேன்.