அபசுரத்தில் ஓர் அமானிதம்

அரபு இலக்கணம் ஓதிக் கொடுத்தே முப்பது ஆண்டுகளைக் கழித்தவன் நான். எனக்கும் பங்க் இசைக்கும் என்ன உறவு என்று வாசக அன்பர்கள் வியக்கலாம். என் இளைய மகனின் அறையிலிருந்து ஒருநாள் எழுந்த பேரிரைச்சலே அவ்வுறவுக்குக் காரணம். “இதுவும் ஓர் இசையா?” என்று கடிந்தேன். அவன் முகம் சுளிக்கவில்லை. “வாப்பா, பாட்டைக் கேட்க வேண்டாம், இவர்களின் கொடுக்கல் வாங்கலைக் கேளுங்கள்” என்றான். கேட்டேன்.

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் 1979இல் பதின்பருவ இளைஞர் சிலர் ‘டீன் ஐடில்ஸ்’ என்னும் குழுவை அமைத்தனர். மறு ஆண்டே அது கலைந்தது. கச்சேரிகளில் கிடைத்த பணத்தைத் தமக்கென எடுக்காது பொதுவில் சேர்த்திருந்தனர். இருப்பு சுமார் 600 டாலர். பங்கிட்டுப் பிரிந்திருக்கலாம். அவர்களோ எட்டுப் பாடல்கள் கொண்ட இசைத்தட்டை 1,000 படிகள் வெளியிட்டனர். அதற்கென இயன் மக்கை, ஜெஃப் நெல்சன் முதலியோர் 1980இல் தொடங்கியதே ‘டிஸ்கார்ட் ரெக்கார்ட்ஸ்’. அபசுரம் என்று பொருள்படும் சொல்லை ஒட்டிய பெயர்!

உறை செய்யும் வழி அவர்களுக்குத் தெரியாது. வேறோர் இசைத்தட்டின் உறையைப் பிரித்து, அதன் வடிவை வரைந்து, தாளைக் கத்தரித்து, மடித்து, பசை தடவித் தாமே ஆயிரக்கணக்கில் செய்தனர். அவ்வுறையில் இருந்த படம் ‘எக்ஸ்’ குறியிட்ட கைகள். வயது குறைந்தோருக்கு மது தரலாகாது என்பதற்காக அரங்குகளில் இடப்பட்ட குறி அது. மக்கையின் அடுத்த குழுவான ‘மைனர் த்ரெட்’ 1981இல் பாடிய ஒரு பாட்டால், மதுவையும் போதையையும் விலக்கும் இளைஞர்களின் அடையாளமாகவே அது பரவிற்று.

விற்று வந்த பணம் நண்பர்களின் அடுத்த இசைத்தட்டுக்கு முதலாயிற்று. தம் நகரத்துக் குழுக்களையே வெளியிட்டனர். எழுத்து ஒப்பந்தம் கிடையாது, வாக்கே பத்திரம். வாங்குபவர் ஏமாறாதிருக்க அஞ்சல் விலையை உறையிலேயே அச்சிட்டனர். 1987இல் தோன்றிய ‘ஃபுகாஸி’ குழு கச்சேரிக்குப் பெரும்பாலும் ஐந்து டாலரே கட்டணம் வைத்தது. அட்லாண்டிக் நிறுவனத்தை நிறுவிய அஹ்மத் எர்தெகுன் 1993இல் நேரில் சென்று அழைத்தும் அவர்கள் இணங்கவில்லை. இந்த அஹ்மத், வாஷிங்டனில் துருக்கித் தூதராயிருந்து 1944இல் மறைந்த முனீர் எர்தெகுனின் மைந்தர். அந்தத் தூதரின் ஜனாஸாத் தொழுகைக்கு அங்கே பள்ளிவாசல் இல்லாத குறையே, பின்னர் 1957இல் திறக்கப்பட்ட இஸ்லாமிய மையத்துக்கு வித்திட்டது.

நாற்பது ஆண்டுகளைக் கடந்து நின்ற இந்நிறுவனத்தின் வரலாற்றைக் கேட்டபின் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் என் இலக்கண நூலை ஒரு பதிப்பாளரிடம் ஒப்படைத்தேன். நீட்டிய தாளில், படிக்காமலேயே கையொப்பமிட்டேன். இன்று அதன் விலை என் மாணவர்க்கு எட்டாது. நான் எழுதியதை நானே படியெடுத்துத் தரவும் உரிமையில்லை. அமானிதத்தைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் நடத்திய நான், என் கல்வி எனும் அமானிதத்தைக் காக்கத் தவறினேன். பிறர்மேல் என்ன குறை? ஒப்பமிட்ட கை என்னுடையது.

இப்போது புதிதாகச் சிறு நூலொன்று எழுதி வருகிறேன். அச்சானதும் தாள்களை வீட்டிலேயே மடித்துத் தைப்பதாக ஏற்பாடு. விலை அட்டையிலேயே இருக்கும். பசை தடவும் வேலையை மகன் ஏற்றிருக்கிறான். அவ்வேளையில் அவன் விரும்பும் பாட்டு ஒலிக்க வேண்டும் என்பதே அவன் கேட்ட கூலி. இணங்கிவிட்டேன், சற்றுத் தாழ்ந்த ஒலியில்!